ஒரு வெள்ளி கொடுத்தவர்களின் நூலகம்

1950-களின் நடுப்பகுதி. மலாயாப் பல்கலைக்கழகம் அப்போது சிங்கப்பூரில் இருந்தது. அங்கே இந்திய ஆய்வியலுக்கென ஒரு துறை தொடங்கும் பேச்சு எழுந்தபோது, அதில் எந்த மொழிக்கு முதலிடம் என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. ஆலோசனைக்கு அழைக்கப்பட்ட வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி சமஸ்கிருதத்தின் பக்கம் நின்றார். மலாயா இந்தியர்களில் பெரும்பாலோரோ தமிழர்கள். அந்தத் தமிழர்களில் பெரும்பகுதியினர் விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக் களத்தில் நின்று, பேர் கொடுத்து, ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர்கள்.

'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி இதைத் தலையங்கத்தோடு விடவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) கொடுத்தால் போதும். அந்தப் பணத்தில் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்கப்படும். நகரத்துக் கடைக்காரரும் கொடுத்தார், துறைமுகத் தொழிலாளியும் கொடுத்தார், தோட்டத்துப் பால்மரத் தொழிலாளியும் கொடுத்தார். நாள் கூலி சில வெள்ளிகளைத் தாண்டாத காலம் அது. 1956-இல் தமிழையே முதன்மையாகக் கொண்டு அந்தத் துறை தொடங்கியது.

வெள்ளி கொடுத்த தொழிலாளிகளில் அந்த நூலகத்தின் படியேறியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஏறினாலும், அங்கே அடுக்கியிருந்த நூல்களைத் தாமே வாசிக்க முடிந்தவர்கள் குறைவு. தங்களுக்கு எட்டாத அலமாரிக்குத் தங்கள் கூலியைக் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்து எழுத்து யார் கைக்கு எட்டும், யார் காதுக்கு எட்டும் என்ற கேள்வியை இன்று 'அணுகல்தன்மை' என்ற பெயரில் பேசுகிறோம். இணையப் பக்கம், பாடக் குறிப்பு, மின்னூல், ஆய்வேடு என்று இன்று நீளும் அந்தப் பேச்சின் மலேசியத் தமிழ்க் கிளைக்கு வேர் தேடினால், நெகிரி செம்பிலான் போன்ற மாநிலங்களின் தோட்டங்களுக்குத்தான் போக வேண்டும்.

நெகிரி செம்பிலானின் தலைநகர் சிரம்பானைச் சுற்றிய சுங்கை ஊஜோங் பகுதியில் முதலில் வந்தது காப்பி. ரந்தாவ் பக்கத்து லின்சம் தோட்டம் அந்தக் காப்பிக் காலத்தது. 1891-இல் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்து ரயில் ஓடத் தொடங்கியது. காப்பி விலை சரிந்தபின் அதே மண்ணில் ரப்பர் நின்றது. தோட்ட மேற்பார்வையாளர்களான கங்காணிகள் தென்னிந்தியக் கிராமங்களுக்குப் போய் ஆள் கட்டி வந்தார்கள். 1907-இல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி கப்பல் செலவைப் பார்த்துக்கொண்டது. உதவிப் பயணத்தில் கூலியாட்கள் போவதை இந்திய அரசு 1938-இல் தடுக்கும்வரை இந்த ஓட்டம் நிற்கவில்லை. சிலியாவ், லாபு, போர்ட்டிக்சன், பகாவ், கெமென்சே என்று மாநிலம் முழுவதும் லயங்கள் என்னும் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள் எழுந்தன.

பள்ளிக்கூடம் சட்டத்தின் வழியாக வந்தது. நெகிரி செம்பிலானும் அடங்கிய கூட்டு மலாய் மாநிலங்களின் 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்ற வகையில் அமைந்தது. நிர்வாகங்கள் பள்ளி வைத்தன. ஆயாக்கொட்டகையின் ஒரு மூலை, கோயில் பக்கத்துத் தகரக் கொட்டகை, பால் ஸ்டோருக்கு அருகில் ஓர் அறை. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ, கிராணி என்னும் தோட்ட எழுத்தரோ பல இடங்களில் வாத்தியார் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். சட்டம் கேட்டது பள்ளியை. அதிலிருந்து ஒரு பிள்ளை எதுவரை போக முடியும் என்று சட்டம் கேட்கவில்லை. நான்காம் வகுப்போடு நின்று, மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் பொறுக்கவும் புல் வெட்டவும் போன பிள்ளைகளே அதிகம்.

எழுத்து தோட்டத்துக்கு வராமல் இல்லை. அது காது வழியாக வந்தது.

1924-இல் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' தொடங்கியது. 1935-இல் சிங்கப்பூரில் ஒரு காசு விலையில் 'தமிழ் முரசு' வெளிவந்தது. ஒரு தோட்டத்துக்கு ஒன்றோ இரண்டோ பிரதிகள் வரும். மாலையில் படித்தவர் ஒருவர் உரக்க வாசிக்க, சுற்றி அமர்ந்தவர்கள் கேட்பார்கள். புரியாத இடத்தில் நிறுத்தச் சொல்வார்கள். ஊர்ச் செய்தியை மறுபடி வாசிக்கச் சொல்வார்கள். ஒரு தாளை இருபது முப்பது பேர் படித்துமுடிக்கும் முறை இது. போருக்குப் பின் தொழிற்சங்கங்களும் இதையே நம்பின. 1946-இல் சிரம்பானில் இயங்கிய நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தில் செயலாளராக இருந்த பி. பி. நாராயணன், 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச்செயலாளர் ஆனார். அந்தச் சங்கத்தின் தமிழ் ஏடு 'சங்கமணி'. சம்பள ஒப்பந்தமும் சட்ட விளக்கமும் அதன் வழியே லயத்துக்கு வந்தன. வாசிக்கத் தெரியாதவரும் தம் உரிமையைத் தெரிந்துகொண்டார், யாரோ ஒருவர் வாசித்துக் காட்டியதால். வானொலி வந்தபின் அந்த வாசிப்பாளரின் வேலையில் ஒரு பங்கைப் பெட்டி எடுத்துக்கொண்டது.

வாசிப்பவர் நல்லவராக இருந்தால் சரி. அவருக்கு வேலை இருந்தால், கோபம் இருந்தால், சம்பளச் சீட்டை எழுதிய கிராணியே அதை வாசித்துக் காட்டுபவராகவும் இருந்தால்? பிறர் கண்ணை நம்பி வாசிப்பவரின் கட்டுப்பாடுகள் அன்றைய தோட்டத் தொழிலாளிக்கும் இன்றைய பார்வையற்ற மாணவருக்கும் பொதுவானவை. எப்போது வாசிப்பது, எந்தப் பக்கத்தை மறுபடி பார்ப்பது, எதைத் தாண்டிப் போவது என்பதெல்லாம் வாசித்துக் காட்டுபவரின் கையில் இருக்கிறது.

பல்கலைக்கழகப் பக்கத்தில் அலமாரி நிரம்பியது. 1959 முதல் இந்திய ஆய்வியல் துறை கோலாலம்பூரில் இயங்கியது. 1961-இல் அதன் தலைமைக்கு வந்த தமிழறிஞர் தனிநாயகம் அடிகள், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை அங்கேயே கூட்டினார். பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அதைத் தொடங்கிவைத்தார். மூன்றாண்டு கழித்து, 1969-இல், இராம. சுப்பையா தொகுத்த ஓர் அட்டவணையைப் பல்கலைக்கழக நூலகம் வெளியிட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அச்சான தமிழ் நூல்கள், இதழ்களின் பட்டியல் அது; பெயர் 'தமிழ் மலேசியானா'. மாநாட்டுக்கு மாலையும் கூட்டமும் கிடைத்தன. அட்டவணைக்கு அவை கிடைக்காவிட்டாலும், தேடுகிறவருக்கு ஒரு நூல் இருக்கிறது என்று தெரியவைத்தது அதுதான். தோட்டத்து எழுத்தாளர்கள் சொந்தக் காசில் அச்சிட்ட சிறு நூல்களுக்கெல்லாம் பல்கலைக்கழகத்துக்குள் ஒரு முகவரி கிடைத்தது.

ஆனால் சிரம்பானிலிருந்து எழுபது கிலோமீட்டருக்குள் இருந்த அந்த அலமாரி, லாபு தோட்டத்துப் பிள்ளைக்கு நெடுந்தூரத்தில் இருந்தது. ஆறு ஆண்டுத் தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய் மொழிக்கு மாறுவதற்கென ஓராண்டு புகுமுக வகுப்பு, பிறகு இடைநிலைப் பள்ளி, அரசுத் தேர்வுகள். ஒவ்வொரு படியிலும் பலர் நின்றுபோனார்கள். அதற்குள் தோட்டமும் மாறியது. 1950-களின் பிற்பகுதியிலிருந்து பெருந்தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டன. மிஞ்சியவற்றில் ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். 1990-களில் நகரம் வந்தது. நீலாய் வட்டாரத்தில் தோட்டமாக இருந்த நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளும் கல்வி நகரமுமாக மாறின. இன்டி அனைத்துலகப் பல்கலைக்கழகமும் மலேசிய இஸ்லாமிய அறிவியல் பல்கலைக்கழகமும் இன்று நீலாயில்தான் இருக்கின்றன. நெகிரி செம்பிலானில் அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. லின்சம், கெர்பி, பிராட்வால், சுவா பெத்தோங், கெடிஸ், ரீஜண்ட் என்று பழைய தோட்டப் பெயர்களைத் தாங்கியவை அவற்றில் பல. தோட்டத்து மக்கள் பல்கலைக்கழகத்துக்குப் போகுமுன் பல்கலைக்கழகம் தோட்டத்து நிலத்துக்கு வந்துவிட்டது.

தமிழ் எழுத்து மின்வடிவம் எடுத்ததில் மலேசிய, சிங்கப்பூர் மண்ணுக்கும் பங்குண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா, இரண்டாம் உலகப் போருக்கு முன்பே தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை வகுத்தார். கணினிக் காலத்தில் அந்த வேலையை எடுத்துக்கொண்டவர் மலேசியப் பொறியாளர் முத்து நெடுமாறன். 1985-இல் 'முரசு' என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். பின்னர் அது 'முரசு அஞ்சல்' ஆனது. அவருடைய தந்தை முரசு நெடுமாறன் ஆசிரியர், கவிஞர். மலேசியக் கவிஞர்களின் நூறாண்டுப் பாக்களைத் தேடித் தொகுத்து 1997-இல் 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' என்ற பெருநூலை வெளியிட்டவர். அதே ஆண்டு சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்தது. 2000-இல் அங்கேயே கணினித் தமிழுக்கான உத்தமம் அமைப்பு உருவானது. 2001-ஆம் ஆண்டு மாநாடு கோலாலம்பூருக்கு வந்தது. 2013-இல் மலாயாப் பல்கலைக்கழக வளாகத்திலேயே நடந்தது.

இந்த மாநாடுகளில் ஆண்டுக்கணக்கில் பேசப்பட்டது குறியேற்றம், அதாவது ஒவ்வோர் எழுத்தையும் கணினி தன் நினைவில் எப்படிக் குறித்துவைப்பது என்பது. வெளியாளுக்குச் சலிப்பூட்டும் பொருள். பார்வையற்ற வாசகருக்கு எல்லாமே அதில்தான் அடங்கியிருந்தது.

1990-களில் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்காரவைத்துக் காரியத்தை நடத்தின. திரையில் பார்ப்பவருக்குத் தமிழ் தெரியும். கணினியின் நினைவில் இருப்பதோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குப்பை. எழுத்துரு இருந்தாலும், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் நினைவில் இருப்பதைத்தான் வாசிக்கும். அது குப்பையையே உச்சரிக்கும். கண்ணுக்கு மட்டும் எழுதப்பட்ட தமிழ் அது. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு குறியேற்றம் வைத்திருந்ததால் ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் தேடவும் முடியாது. அன்று அப்படித் தட்டச்சான பாடக் குறிப்புகளும் ஆய்வேடுகளும், மாற்றி எழுதப்படாத வரை, இன்றும் அப்படியே கிடக்கும்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியேற்றமான ஒருங்குறி இதற்கு ஒரு தீர்வைத் தந்தது. 1991-இல் வெளியான அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இருந்தும், புழக்கத்துக்கு வர ஆண்டுகள் ஆயின. தமிழ்நாடு அரசு அதை ஏற்று ஆணையிட்டது 2010-இல். பழைய எழுத்துருவில் 'கொ' என்று அடிக்க முதலில் ஒற்றைக் கொம்பு, அடுத்துக் ககரம், கடைசியில் கால். பேனா போகும் வழி அது. ஒருங்குறியில் முதலில் ககரம், அடுத்து ஒகர உயிர்க்குறி. அது நாக்கு போகும் வழி.

இந்த ஒலி வரிசையை விரல்கள் வெகு காலம் முன்பே அறிந்திருந்தன. 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி தொடங்கினார். தமிழுக்குப் பிரெயில் புள்ளிகள் வகுக்கப்பட்ட முன்னோடி இடங்களில் அது ஒன்று. 1951-இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது. அதில் 'கொ' என்றால் ககரத்துக்கான புள்ளிகள், பின்னே ஒகரத்துக்கான புள்ளிகள். கொம்பும் காலும் இல்லை. கணினித் தமிழ் பத்தாண்டுகளுக்கு மேல் விவாதித்து வந்துசேர்ந்த இடத்தில் பிரெயில் முதலிலேயே நின்றிருந்தது.

மலாயாவில் பார்வையற்றோருக்கான முதல் இல்லம், செயின்ட் நிக்கலஸ், 1926-இல் மலாக்காவில் தொடங்கி 1931-இல் பினாங்குக்குப் போனது. 1951-இல் மலாயாப் பார்வையற்றோர் சங்கம் அமைந்தது. அதன் தலைமையகம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில். ரயில்வேத் தமிழர்கள் குடியிருந்த அதே பகுதிதான்; சிரம்பான் ரயிலில் வருகிறவர் இறங்கி நடந்தே போய்விடலாம். வெள்ளைத் தடியோடு நடப்பவர்களைப் பூக்கடைக்காரர்கள் இயல்பாக வழிவிட்டு அனுப்பும் தெரு அது.

நூலகத்துக்கு வழிவிடச் சட்டம் தேவைப்பட்டது. 2008-இல் மலேசியாவின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 28-ஆம் பிரிவு கல்வியைப் பற்றியது; 30-ஆம் பிரிவு தகவல், தொடர்பு, தொழில்நுட்பம் ஆகியவற்றை மற்றவர்களைப் போலவே அணுகும் உரிமையைப் பற்றியது. மீறினால் தண்டனை என்ற பகுதி அதில் இல்லை என்பது தொடக்கம் முதலே சொல்லப்பட்டுவரும் குறை. 2010-இல் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை மலேசியா ஏற்றது. உயர்கல்வி நிறுவனங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2019-இல் வந்தன. 1912-இன் சட்டம் பள்ளி வைக்கச் சொன்னது. 2008-இன் சட்டம் உரிமை உண்டு என்றது. இரண்டும் வாசலைத் திறந்தன. உள்ளே போடவேண்டிய பாய் என்ன, விளக்கு என்ன என்பதை அன்றும் இன்றும் களத்தில் இருப்பவர்களே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கண்டுபிடிப்பு பெரும்பாலும் சின்னச் சின்ன வேலைகளால் ஆனது. உலகளாவிய இணைய அமைப்பு 1999-இல் முதலில் வெளியிட்டு, 2008-இலும் பிறகும் திருத்திய அணுகல் நெறிகள் எந்த மொழிக்கும் பொருந்தும்: படத்துக்கு விளக்கம் எழுது, தலைப்பைத் தலைப்பு என்று குறி, சுட்டி இல்லாமல் விசைப்பலகையாலேயே பக்கம் முழுவதும் போக விடு, எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு போதுமான அளவு இருக்கட்டும். தமிழுக்கு இன்னும் சில சேர்கின்றன. மலாய்ப் பக்கத்தின் நடுவே ஒரு தமிழ்ப் பத்தி வந்தால், இது தமிழ் என்று பக்கத்தின் நிரலில் குறிப்பிட வேண்டும். குறிப்பு இல்லாவிட்டால் மலாய்க்குரல் தமிழில் தடுமாறும், அல்லது மௌனமாகத் தாண்டிப் போய்விடும். ஒருங்குறியில் தட்டச்சிட்டதையும் பிடிஎஃப் ஆக மாற்றும்போது கவனம் வேண்டும். சில மென்பொருள்கள் பார்வைக்கு எல்லாம் சரியாக வைத்துவிட்டு உள்ளே கொம்பையும் மெய்யையும் இடம் மாற்றிவிடும். நகலெடுத்து ஒட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

இவற்றைவிடப் பெரியது வருடிய பக்கம். பழைய நூலை வருடி இணையத்தில் ஏற்றிவிட்டால் மின்மயமாக்கல் முடிந்தது என்று பல நிறுவனங்கள் நினைக்கின்றன. கணினிக்கு அந்தப் பக்கம் ஒரு புகைப்படம். அதில் சொல் தேட முடியாது, கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வரிகளை மடக்க முடியாது, திரைவாசிப்பானுக்கு அங்கே படிக்க ஒன்றும் இல்லை. படத்திலிருந்து எழுத்தை மீட்க எழுத்துணரி வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ. ஜி. இராமகிருஷ்ணனின் ஆய்வகம் தமிழுக்கு அப்படி ஒன்றை உருவாக்கியது. சென்னையில் வொர்த் அறக்கட்டளை அதைக் கொண்டு அச்சு நூல்களைப் பிரெயில் நூல்களாக மாற்றியது. பல்கலைக்கழக ஆய்வு பார்வையற்ற பிள்ளையின் விரல் நுனிவரை போன நேரான எடுத்துக்காட்டு இது. இன்னொரு வழி மனிதர்கள் தட்டச்சிடுவது. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தின் லோசானில் வேலை பார்த்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் இருந்த தன்னார்வலர்களைக் கொண்டு சங்க நூல்கள் முதல் தற்கால நூல்கள்வரை எழுத்தாகவே ஏற்றியது. சம்பளம் இல்லாமல் அவர்கள் அடித்த வரிகளை இன்று திரைவாசிப்பான்கள் வாசிக்கின்றன. சாரங்கபாணி திரட்டிய வெள்ளிகளின் இடத்தில் இங்கே விசையழுத்தங்கள்.

2020 மார்ச் 18 அன்று கொரோனாத் தொற்றால் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பார்வையுள்ள மாணவர்களும் இந்தச் சிக்கலைக் கொஞ்சம் தொட்டுப் பார்த்தார்கள். வகுப்பறை திரைக்குள் போனது. ஒரே கைபேசியை அண்ணனும் தங்கையும் பகிர்ந்துகொள்ளும் வீட்டில், பெரிய காணொளி இறங்காது. வருடிய பக்கத்தை இழுத்து இழுத்துப் படிக்கக் கண் வலிக்கும். அதே பாடம் வெறும் எழுத்தாக வந்தால் நொடியில் இறங்கிவிடும், சின்னத் திரையிலும் மடங்கி நிற்கும். பார்வையற்றவருக்காகச் செய்த ஏற்பாடு செம்பனை நடுவே அலைவரிசை தேடும் மாணவிக்கும் உதவியது.

வெளியிலிருந்து வரும் நூல்களுக்கும் வழி பிறந்திருக்கிறது. அச்சைப் படிக்க இயலாதோருக்காக நூல்களை மாற்று வடிவில் ஆக்கவும் நாடு தாண்டி அனுப்பவும் பதிப்புரிமையில் விலக்குத் தரும் மராக்கேஷ் உடன்படிக்கை 2013-இல் உருவானது. முதலில் அதை ஏற்ற நாடு இந்தியா, 2014-இல். மலேசியா 2022-இல் சேர்ந்தது. அந்த ஆண்டு ஜூன் 30 முதல் அது மலேசியாவைக் கட்டுப்படுத்துகிறது. தமிழ்நாட்டில் ஒலிநூலாகவோ பிரெயில் கோப்பாகவோ ஆன பாடநூலை உரிய அமைப்பின் வழியே சிரம்பான் மாணவர் சட்டப்படி பெறலாம். எதிர்த்திசையில் அனுப்ப வேண்டியதும் இருக்கிறது. தோட்டங்களின் வரலாறு பெரும்பாலும் கோயில் திருவிழா மலர்களிலும், பள்ளி ஆண்டு மலர்களிலும், சங்க ஏடுகளிலும், சொந்தக் காசில் வந்த கவிதைத் தொகுதிகளிலும்தான் எழுதப்பட்டிருக்கிறது. இராம. சுப்பையா பட்டியலிட்ட வகை நூல்கள் அவை. சென்னையிலோ பெங்களூரிலோ அவற்றுக்கு மறுபிரதி கிடைப்பது அரிது. அவற்றை வருடி, எழுத்துணரியால் மீட்டு, தவறுகளைத் திருத்தி, தமிழ் என்று குறித்து ஏற்றும் வேலையை மலேசியப் பல்கலைக்கழகங்கள்தான் செய்ய வேண்டும். அச்சு மங்கிய சங்க ஏட்டில் எழுத்துணரி தடுமாறும் இடங்களைத் திருத்த, பெரட்டும் கிராணியும் ஒட்டுப்பாலும் தெரிந்த மலேசியத் தமிழ் வாசகர்களே வேண்டும்.